படத்தொகுப்பும் பிறர் கருத்தும்

தச்சர் நாற்காலிக்கு மெருகு போட்டு முடித்த பின்பே அதைச் செய்யச் சொன்னவரிடம் காட்டுகிறார். தையற்காரர் அளவு சரியா என்று ஒரு முறை அணிந்து பார்க்கச் சொல்வார்; அதோடு சரி. இவ்விரண்டுக்கும் மாறான தொழில் ஒன்று உண்டு. அதில் ஈடுபட்டவர், பொருள் அரைகுறையாக இருக்கும்போதே, நிறம் வெளிறி, ஒலி குன்றி, எழுத்து எதுவும் ஏறாத நிலையிலேயே, அதனைச் செய்யச் சொன்னவர் முன் வைத்து, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டாக வேண்டும். அவர் கூறும் குறைகளைக் குறித்துக்கொண்டு மாற்ற வேண்டும். மீண்டும் காட்ட வேண்டும். மீண்டும் கேட்க வேண்டும். படத்தொகுப்பாளரின் தொழிலே அது. அந்தக் காட்டலையும் கேட்டலையும் அவர் எவ்வாறு நடத்துகிறார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளியில் கட்டுரை நோட்டுத் திருத்தியே காலம் கழித்த ஒருவனுக்கு இதில் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சென்னை வடபழனியில் சிறியதொரு தொகுப்பகம் வைத்திருக்கிறார். விளம்பரப் படங்கள், நிறுவனங்களின் அறிமுகப் படங்கள், திருமணப் படங்கள் இவையே அவருக்கு வரும் வேலை. ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது மிகுதி. ஆதலால் அவர் அறையில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு பல நாள் அமர்ந்திருக்கிறேன். இக்காலத்து மாணவர்களாகிய நீங்களோ கைப்பேசியிலேயே படம் எடுத்து, அதிலேயே வெட்டி ஒட்டி, நண்பர்க்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறீர்கள். அந்த வேலையில் நீங்கள் என்னைவிட மூத்தவர்கள். எனினும், கருத்துக் கேட்பதிலும் கருத்துச் சொல்வதிலும் ஒரு முறைமை உண்டு. அதைத்தான் நான் அங்கே கண்டேன்.

தொகுப்பு என்றால் என்ன என்பதைச் சற்றே விளக்கிவிடுகிறேன். நம் நாட்டுத் தொலைக்காட்சிக் கணக்கில் ஒரு விநாடிக்கு 25 தனிப் படங்கள். மூன்று நிமிடப் படம் ஒன்றில் 4,500 படங்கள் அடங்கும். அந்த மூன்று நிமிடத்துக்காகப் பல மணி நேரம் படம் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். எதை வைப்பது, எதை விடுவது, எதன் பின் எது வருவது, எந்த இமைப்பொழுதில் ஒன்றை அறுத்து மற்றொன்றைத் தொடங்குவது என்பவற்றை முடிவு செய்வதே தொகுப்பு. இம்முடிவுகள் நூற்றுக்கணக்கில் வரும். நல்ல தொகுப்பில் அவற்றில் ஒன்றுகூடப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இதனாலேயே, படம் செய்யச் சொன்னவர்க்கு, இத்தொழிலில் ‘கிளையண்ட்’ என்று வழங்கப்படுபவர்க்கு, தொகுப்பாளர் செய்த வேலை இன்னதென்று புலப்படுவதில்லை. செய்யாமல் விட்டதே முதலில் புலப்படும்.

வேலை ஒரே மூச்சில் நடப்பதன்று. முதலில் காட்சிகளைக் கதைப்போக்கின்படி அடுக்கிப் பார்ப்பார்கள். பிறகு ‘ரஃப் கட்’ எனப்படும் முரட்டு வடிவம். பிறகு நேரத்தையும் ஓட்டத்தையும் இழைத்துச் செய்யும் ‘ஃபைன் கட்’. அதன்பின் ‘லாக்’, அதாவது பூட்டுதல். இனிக் காட்சிகளின் நீளத்தில் ஒரு தனிப்படம்கூட மாறாது என்ற உடன்பாடு. பூட்டிய பிறகே இசை அமைப்பவர், ஒலி சேர்ப்பவர், நிறம் திருத்துபவர், எழுத்துப் பதிப்பவர் ஆகியோர் கைக்குப் படம் செல்லும்.

இந்தப் பூட்டுக்கு ஏன் இத்துணை மதிப்பு? பூட்டிய படத்தில் 20-ஆம் விநாடியில் ஒரே ஒரு விநாடியை நீக்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குப் பின்வரும் இசை முழுவதும் ஒரு விநாடி பிந்திப்போகும். கதவு சாத்துவதற்கென அமைத்த முழக்கம், கதவு சாத்தி ஆள் போன பின்பு கேட்கும். அடியில் ஓடும் எழுத்துகள் ஒவ்வொன்றும் தத்தம் நேரத்தோடு கட்டப்பட்டவை ஆதலால் அத்தனையும் இடம் பெயரும். நான்கு பேர் செய்த வேலையை நால்வரும் மறுபடி தொட வேண்டும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, தரைக்குக் கல் பதித்து முடித்த பின்னர், ‘இந்தச் சுவரை மட்டும் ஒரு சாண் தள்ளிவிடுங்கள்’ என்று கேட்பது போன்றது அது. கேட்பவர்க்கு ஒரு சாண். கட்டியவர்க்கோ ஒரு வீடு.

ஆகவே, தேர்ந்த தொகுப்பாளர் ‘எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. முரட்டு வடிவத்தைக் காட்டும்போது, ‘செய்தி வரிசையாக வருகிறதா? விட்டுப்போனது ஏதேனும் உண்டா?’ என்று மட்டும் கேட்பார். அடுத்த நிலையில் நீளத்தையும் ஓட்டத்தையும் பற்றிக் கேட்பார். பூட்டிய பிறகு நிறம், ஒலி, எழுத்து. இதில் ஒரு விலக்கு உண்டு: மனிதர் பெயர்களைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுவார். நம் நாட்டில் தலைப்பெழுத்து ஒன்று தவறினாலும் மன்னிப்பார் இல்லை. பட்டம் விட்டுப்போனாலோ கேட்கவே வேண்டாம். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

முடியாத பொருளைக் காட்டுவதில் உள்ள இடர் வேறொன்று. பின்னணிக் குரல் கொடுப்பவர் வந்து பேசும் வரையில், அந்த இடத்தை நிரப்பத் தொகுப்பாளரே தம் குரலில் படித்துப் பதிந்து வைப்பார். கேட்பவரோ, ‘படம் நன்று, குரல்தான் சளி பிடித்தாற்போல் இருக்கிறது’ என்று எழுதி அனுப்புவார். இதைத் தடுக்க என் மாணவர் அத்தகைய இடங்களில் திரையின் மேல் ஓரத்தில் ‘தற்காலிகக் குரல்’, ‘தற்காலிக இசை’ என்று எழுத்து ஓட விடுகிறார். குரல் தீங்கு செய்வதில்லை, மாற்றிவிடலாம். தற்காலிக இசையோ ஆபத்தானது. அதைப் பலமுறை கேட்டுப் பழகியவர்க்கு வேறெந்த இசையும் பிடிக்காமல் போகும். 1968-இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் புகழ்பெற்ற படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்பவர் இசை எழுதிக் கொடுத்தார். இயக்குநர் ஸ்டான்லி கியூப்ரிக், தொகுப்பின்போது வைத்துப் பார்த்த பழைய மேனாட்டு இசைத் துண்டுகளையே விரும்பி, நார்த் எழுதியதை விலக்கிவிட்டார். தம் இசை அப்படத்தில் இல்லை என்பதைத் திரையிட்டபோதுதான் நார்த் அறிந்தார். கியூப்ரிக்கின் தேர்வு கலைக்கு நல்லதாகவே முடிந்தது என்று சொல்வோரே மிகுதி. நார்த்துக்கு நேர்ந்ததை எண்ணும்போது எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை.

இனி, கருத்தை எந்த இடத்தில் சொல்வது என்பதைப் பார்ப்போம். கட்டுரை நோட்டின் ஓரத்தில் ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் எழுதினால் மாணவனுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தச் சொல், எந்த வரி என்று அடிக்கோடு இட வேண்டும். படத்தில் அடிக்கோடு இடுவது எப்படி? பிலிம் சுருளை மூவியோலாக் கருவியில் ஓட்டிப் பார்த்த நாளில், தொகுப்பாளர் பிலிமின் மேலேயே மெழுகுப் பென்சிலால் குறியிடுவார். இன்று திரையின் அடியில் ஓர் எண்வரிசை ஓடிக்கொண்டிருக்கும்: மணி, நிமிடம், விநாடி, விநாடிக்குள் எத்தனையாவது தனிப்படம். இதற்கு ‘டைம்கோடு’ என்று பெயர். ‘அந்தப் பெண் சிரிக்கும் இடம்’ என்றால் எந்தப் பெண், எந்தச் சிரிப்பு என்ற ஐயம் வரும். ‘1 நிமிடம் 12 விநாடி’ என்றால் ஐயமில்லை.

இணையத்தின் வழியே இவ்வேலையை எளிதாக்கும் ஏற்பாடுகளும் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றான ‘ஃபிரேம் டாட் ஐ.ஓ.’ 2014-இல் தொடங்கப்பெற்றது. படத்தை அனுப்பினால், பார்ப்பவர் தம் வீட்டிலிருந்தே வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தத் தனிப்படத்தின் மேலேயே கோடு கிழித்து, பக்கத்தில் கருத்தை எழுதலாம். எழுதியது தொகுப்பாளரின் திரையில் அதே இடத்தில் போய் நிற்கும். 2021-இல் அடோபி நிறுவனம் இதனை 127 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஒருவர் சொல்லும் குறை மற்றொருவர்க்குச் சரியாகப் போய்ச் சேர்வதற்கு உலகம் கொடுக்கும் விலை அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கருவி இருந்தாலும் பழக்கம் வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு வடிவத்துக்கும் எண்ணும் நாளும் இட வேண்டும். ‘இறுதி’ என்று பெயரிட்ட கோப்பு, அதன்பின் ‘இறுதி 2’, அதன்பின் ‘உண்மையான இறுதி’ என்று வளர்ந்துகொண்டு போவதைப் பல அறைகளில் காணலாம். என் மாணவர் ‘இறுதி’ என்ற சொல்லையே விலக்கிவிட்டார், எண் மட்டும்தான். இன்னொன்று: படத்தை எதில் பார்த்தீர்கள் என்று அவர் தவறாமல் கேட்கிறார். ஓடும் பேருந்தில், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, ‘வீணை கேட்கவில்லை’ என்று எழுதுபவர் உண்டு. வீணை அங்கேதான் இருக்கும்.

அண்மையில் ஒரு கல்லூரியின் அறிமுகப் படம் அவரிடம் வந்தது. கல்லூரியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பது அவர்களே விதித்த வரம்பு. முரட்டு வடிவத்தை அனுப்பிய மறுநாள் கருத்துகள் வந்தன, ஓரிடத்திலிருந்தன்று. முதல்வர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். தாளாளர் தொலைபேசியில் சொன்னார். துறைத்தலைவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டதை யாரோ அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். ஆய்வகக் காட்சியை நீட்டுக என்றார் முதல்வர். அதையே குறைத்துக் கட்டடத்தை வானிலிருந்து காட்டுக என்றார் தாளாளர். உடற்பயிற்சி ஆசிரியர் கபடியைக் காணோமே என்று வருந்தினார். எல்லோரும் கேட்டதைச் சேர்த்தால் படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டும்.

“ஏனப்பா, கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டால் என்ன? அவர்கள் பணம், அவர்கள் படம்” என்றேன்.

“செய்யலாம் ஐயா. யார் கேட்டபடி செய்வது?” என்றார் அவர். “முதல்வர் சொன்னபடி செய்தால் தாளாளர்க்குக் குறை. தாளாளர் சொன்னபடி செய்தால் முதல்வர்க்குக் குறை. அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை நான் இங்கே கத்தரியால் தீர்த்தால், இருவருக்கும் நான்தான் குற்றவாளி.”

அவர் செய்தது இதுதான். வந்த கருத்துகள் அனைத்தையும் ஒரே தாளில் நேர வரிசைப்படி எழுதினார். ஒன்றுக்கொன்று முரணானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி கூடும் என்று குறித்தார். அதை முதல்வர்க்கு அனுப்பி, ‘இவற்றுள் எவற்றைச் செய்வது என்று கல்லூரியின் சார்பில் ஒருவர் முடிவு செய்து தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று பணிவாக எழுதினார். ஒப்பந்தத்திலேயே, முடிவு சொல்பவர் ஒருவர் என்றும், திருத்தச் சுற்றுகள் இரண்டு என்றும், அதற்கு மேற்பட்டால் தனிக்கட்டணம் என்றும் எழுதியிருந்தார். கட்டணம் வாங்குவதற்காக அந்த விதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. கணக்கு உண்டு என்று தெரிந்தால் மனிதர் சிந்தித்துச் சொல்வர், அதற்காகவே இருக்கிறது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பாதிக்கு மேற்பட்ட கருத்துகளை அவர்களே அடித்துவிட்டிருந்தார்கள். கபடிக்கு மூன்று விநாடி கிடைத்தது.

எஞ்சிய கருத்துகளுள் ஒன்று: ‘நூலகர் பேசும் பகுதி நீளம், குறைக்கவும்.’ அந்தப் பகுதி 14 விநாடிதான். நான் அருகில் இருந்தேன். எனக்கும் அது நீளமாகவே தோன்றியது. என் மாணவர் அதைத் தொடவில்லை. முன்னே போனார். நூலகர் தோன்றுவதற்கு முன், பின்னணிக் குரல் நூல்களின் எண்ணிக்கையையும் நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. நூலகரும் அவற்றையே சொன்னார். பின்னணிக் குரலில் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார்; நூலகரின் 14 விநாடி அப்படியே இருந்தது. அடுத்த முறை பார்த்தவர் எவரும் நீளம் என்று சொல்லவில்லை. குறைத்ததற்கு நன்றி என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்!

இதை வால்ட்டர் மர்ச் என்னும் அமெரிக்கத் தொகுப்பாளர் தம் நூலொன்றில் மருத்துவ உவமையால் விளக்கியிருக்கிறார். ‘அபோகலிப்ஸ் நவ்’, ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ முதலிய படங்களைத் தொகுத்தவர் அவர். நோயாளி முழங்கையில் வலி என்கிறார். மருத்துவர் ஆராய்ந்து பார்த்தால் தோளில் நரம்பு நசுங்கியிருக்கிறது. வலி தெரியும் இடம் முழங்கை, வலி பிறக்கும் இடம் தோள். அனுபவமில்லாதவர் முழங்கையை அறுத்துவிடுவார். படம் பார்த்தவர் பிடிக்கவில்லை என்று காட்டும் காட்சியும் அத்தகையது என்பது அவர் கருத்து. நோயாளி சொல்லும் வலி பொய்யன்று. அதை அப்படியே ஏற்க வேண்டும். மருந்தை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. மாணவர்களே, உங்கள் படத்தை நண்பர் ஒருவர் ‘இங்கே சலிப்பாக இருக்கிறது’ என்றால், அவரோடு வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பு உண்மை. காரணம் அரை நிமிடம் முன்னாலோ, தலைப்பிலேயோகூட இருக்கலாம்.

இதுவரை சொன்னவை சிறு படங்களைப் பற்றியவை. கருத்துக் கேட்கும் முறை கெட்டுப்போனால் ஒரு பெரிய படைப்புக்கு என்ன நேரும் என்பதற்கும், கருத்தை முறையாக எழுதி வைத்தால் என்ன விளையும் என்பதற்கும் ஹாலிவுட்டில் ஒரே இயக்குநரின் வாழ்வில் இரண்டு சான்றுகள் உண்டு. அவர் ஆர்சன் வெல்ஸ்.

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் ‘தி மக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ என்ற படத்தை எடுத்து முடித்துவிட்டு, வேறொரு படத்தின் பொருட்டுப் பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டார். தொகுப்பாளர் ராபர்ட் வைஸ் கலிபோர்னியாவில் இருந்தார். போர்க்காலம், வைஸ் படத்தை எடுத்துக்கொண்டு விமானத்தில் பிரேசில் செல்வதாக இருந்த ஏற்பாடு பயணத் தடைகளால் நின்றுபோயிற்று. மார்ச் 17-ஆம் நாள் பொமோனா என்ற ஊரில் படத்தைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்று அரங்கில் கூடியிருந்தவர்கள் இலகுவான இசைநாடகப் படம் ஒன்றைப் பார்க்க வந்தவர்கள். அதைப் பார்த்துக் களித்த கையோடு, வீழ்ந்துபோகும் ஒரு குடும்பத்தின் நீண்ட துயரக் கதையை அவர்கள் முன் வைத்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார்கள். எழுதிக் கொடுத்த அட்டைகளில் பெரும்பாலானவை கடுமையாக இருந்தன. இரண்டு நாள் கழித்துப் பாசடீனாவில் காட்டியபோது வரவேற்பு இதைவிட நன்றாகவே இருந்தது. ஆயினும் ஆர்.கே.ஓ. நிறுவனத்தார் பொமோனாவில் கொண்ட அச்சத்திலிருந்து மீளவில்லை.

வெல்ஸ் பிரேசிலிலிருந்து நீண்ட தந்திகளாக அனுப்பினார். இதை வெட்டுங்கள், அதை முன்னே கொண்டுவாருங்கள் என்று. தந்தியைப் படிப்பவர் படத்தைப் பார்க்கிறார். தந்தி கொடுத்தவர் அப்போதைய வடிவத்தைப் பார்க்கவில்லை. முடிவு செய்யும் உரிமையோ நிறுவனத்திடம். நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டது. மகிழ்ச்சியான முடிவு ஒன்றைப் புதிதாக எடுத்து ஒட்டினார்கள். இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் தம் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார். ஜூலையில் 88 நிமிடப் படமாக அது வெளிவந்தது. வெட்டிய பகுதிகளைப் பின்னர் அழித்துவிட்டார்கள். பிரேசிலுக்கு அனுப்பிய பிரதியைத் தேடியவர் பலர், கிடைக்கவில்லை. வைஸ் பின்னாளில் தாமே பெரும் இயக்குநராகி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்தவர், திறமையற்றவர் அல்லர். ஒரே வடிவத்தை ஒரே நேரத்தில் பார்த்துப் பேச வேண்டியவர்கள் இரு கண்டங்களில் இருந்தார்கள் என்பதே அங்கு நேர்ந்த கேடு.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இதே போன்றதொரு நிலை அவர்க்கு மறுபடியும் வந்தது. ‘டச் ஆஃப் ஈவில்’ என்ற படத்தை யுனிவர்சல் நிறுவனத்துக்காக எடுத்தார். தொகுப்பு அவர் கையை விட்டுப் போயிற்று. நிறுவனம் வேறொருவரைக் கொண்டு சில காட்சிகளை எடுத்துச் சேர்த்தது. அந்த வடிவத்தை வெல்ஸுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. 1957 டிசம்பர் 5-ஆம் நாளிட்டு, நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் எட்வர்ட் முல் என்பவருக்கு 58 பக்கங்களில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் காட்சி, அதில் எது தவறாகப் படுகிறது, ஏன், எப்படி மாற்றலாம் என்று இடம் இடமாக எழுதியிருந்தார். எடுத்துக்காட்டாக, படத்தின் தொடக்கத்தில் எல்லைப்புற ஊர் ஒன்றில் வெடிகுண்டு வைத்த கார் ஊர்ந்து செல்வதை, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகக் காட்டும் காட்சி உண்டு. அதன்மேல் நிறுவனத்தார் பெயர் எழுத்துகளையும் பின்னணி இசையையும் ஏற்றியிருந்தார்கள். வெல்ஸ் விரும்பியதோ, தெருவோரத்து மதுக்கடைகளின் பாட்டும் காரின் வானொலியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் வந்து மறைவது.

நிறுவனம் அவற்றுள் சிலவற்றை மட்டும் ஏற்று, 1958-இல் படத்தை வெளியிட்டது. 1985-இல் வெல்ஸ் மறைந்தார். ஆனால் அந்த 58 பக்கம் மறையவில்லை. 1998-இல் தயாரிப்பாளர் ரிக் ஷ்மிட்லின் முயற்சியால், நான் முன்பு சொன்ன வால்ட்டர் மர்ச் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி தொகுத்தார். தொடக்கக் காட்சியில் எழுத்துகள் போயின. தெருவின் ஓசை வந்தது. எழுதியவர் மறைந்து பதின்மூன்று ஆண்டு கழித்து, அவரைக் கேட்க வழியில்லாத ஒருவர் அதைப் படித்து அதன்படி செய்ய முடிந்தது. அந்த அளவுக்கு அது தெளிவாக இருந்தது. இதைப் படித்தபோது, மாணவர் கட்டுரைகளின் ஓரத்தில் நாம் எழுதியவற்றுள் எத்தனை அவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் என்று ஆசிரியர்களாகிய எங்களில் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

கடைசிச் சொல் யாருடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பணம் கொடுத்தவருடையதே என்பது தொழிலின் வழக்கம். என் மாணவரும் அதை மறுப்பதில்லை. தமக்கு உடன்பாடில்லாத திருத்தம் வந்தால், காரணத்தை ஒரு முறை எழுத்தில் சொல்வார். முடிந்தால் இரு வடிவங்களையும் செய்து காட்டுவார். பிறகும் அவர்கள் தம் விருப்பத்தையே சொன்னால் மனக்கசப்பின்றிச் செய்து கொடுப்பார். ஆனால் அக்கல்லூரிப் படத்தில் ஒரு திருத்தத்தை அவர் செய்யவில்லை.

படத்தில் பழைய மாணவி ஒருவர் பேசுகிறார். “இந்தக் கல்லூரியில் படித்ததால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வேலையைக் குறித்த நாளில் முடிக்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது” என்பது அவர் சொன்னது. ‘வேலை கிடைத்தது’ என்பதோடு வெட்டிவிடவும் என்று திருத்தம் வந்தது. நம் மொழியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வினை முடிவும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கின்றன. வாலை அறுத்தால் பொருள் குறைவதோடு நிற்காது, தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னேயே வந்துவிடுவதால் அதை மறைப்பது இத்துணை எளிதன்று. தமிழில் ஒரே ஒரு வெட்டுப் போதும். பேசியவரின் வாயாலேயே அவர் சொல்லாததைச் சொல்ல வைத்துவிடலாம். அந்த இடத்தில் ஒரு மரக்கிளையையோ பூவையோ காட்டிவிட்டால் வெட்டியதும் தெரியாது.

என் மாணவர் அந்தக் கருத்தின் கீழேயே, எல்லோரும் படிக்கும்படி எழுதினார்: ‘இவ்வாறு வெட்டினால் அவர் சொன்னதற்கு மாறான பொருள் வருகிறது. வாக்கியத்தை முழுமையாக வைக்கிறேன். அல்லது முழுமையாக எடுத்துவிடுகிறேன். இரண்டில் எது வேண்டும் என்று தெரிவியுங்கள்.’ இரண்டு நாள் பதில் இல்லை. வேலை கைவிட்டுப் போகுமோ என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. மீதிப் பணம் இன்னும் வரவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் முதல்வரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘முழுமையாக வையுங்கள்.’ அந்த வாக்கியம் படத்தின் இரண்டாம் நிமிடத்தில் இருக்கிறது. 11 விநாடி.